சங்கம் இல்லாதவர்கள்

என் கல்லூரி நண்பர் ஒருவர் அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் நல்ல உத்தியோகம். சொந்த வீடு, இரண்டு கார், அவை போதாதென்று யானைக் குட்டி மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள். சென்ற முறை விடுமுறைக்கு வந்திருந்தபோது, நம் ஊர் வெயிலில், தோலால் தைத்த கையில்லாச் சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து எனக்குக் காண்பித்தார். அதன் மார்பில் ஏழெட்டுத் துணி வில்லைகள் வரிசையாகத் தைத்திருந்தன. எல்லாம் அவர் சேர்ந்திருக்கும் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் விருதுகளாம்.

அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இது 2012-ஆம் வருஷத்தினுடையது. அந்த வருஷம் நாங்கள் ஒரு சட்டத்தையே கவிழ்த்துவிட்டோம், தெரியுமா உமக்கு?" என்றார்.

கவிழ்ந்த சட்டம் இதுதான்: மோட்டார் சைக்கிளில் போகிறவன் தலையில் ஹெல்மெட் அணிய வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாக மிச்சிகன் மாகாணத்தில் அமலில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லிச் சங்கத்தார் சட்டசபையின் படிகளைத் தேய்த்தார்கள். சட்டசபை மசைந்தது. ஆனால் 2006-லும் 2008-லும் அப்போதைய கவர்னர் அம்மையார் கையெழுத்துப் போட மறுத்து மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். சங்கத்தார் அசரவில்லை. அடுத்த கவர்னர் வந்தார். 2012 ஏப்ரலில் கையெழுத்தாயிற்று. இருபத்தொரு வயது நிரம்பியவன், ஒரு தொகைக்கு இன்ஷூரன்ஸ் வைத்துக்கொண்டு, பயிற்சியோ இரண்டு வருஷ அனுபவமோ பெற்றிருந்தால், வெறும் தலையோடு போகலாம்.

நண்பர் வீட்டில் காப்பி சாப்பிட்டுக்கொண்டு அவரிடமே சண்டைக்குப் போவது அழகல்ல என்று அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். சண்டை போட வேண்டிய இடத்தில் போடாமல் வந்தால் கோபம் பேனாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதோ எழுதுகிறேன். நண்பர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இந்தக் கவசத்தின் கதை ஒரு சாவில் தொடங்குகிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' சினிமாவைப் பார்த்தவர்களுக்கு அதன் முதல் காட்சி நினைவிருக்கும். 1935 மே மாதம், இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலையில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்த லாரன்ஸ் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்கிற மூளை அறுவை நிபுணர். உலகப் புகழ் பெற்ற ஒரு மனிதனைக் காப்பாற்ற முடியாமல் வீடு திரும்பிய அந்த டாக்டருக்கு அந்தச் சாவு மனதை விட்டுப் போகவில்லை போலும். பிறகு யுத்தம் வந்தது. ராணுவத்தில் கடிதங்களைச் சுமந்து மோட்டார் சைக்கிளில் ஓடும் தூதர்கள், குண்டு படாமலே, விளக்கணைத்த சாலைகளில் விழுந்து விழுந்து செத்தார்கள். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்கள் மாண்டார்கள் என்று கெய்ர்ன்ஸ் 1941-ல் கணக்கெழுதினார். கவசம் போட்டிருந்தவர்கள் விழுந்தும் பிழைத்ததையும் எழுதினார். அந்த வருஷ முடிவுக்குள் ராணுவம் தன் தூதர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் சர்க்கார் தன் சாதாரணப் பிரஜைகளுக்குக் கட்டாயமாக்கியது 1973-ல். சிப்பாயின் தலைக்கும் பிரஜையின் தலைக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம்!

அமெரிக்காவில் நடந்தது வேறு விதம். 1966-ல் மத்திய சர்க்கார் மாகாணங்களிடம் சொல்லிற்று: ஹெல்மெட் சட்டம் போடாவிட்டால் சாலைக்குக் கொடுக்கும் பணத்தில் கை வைப்போம். பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும். மாகாணங்கள் திறக்காமல் இருக்குமா? 1975-க்குள் ஐம்பதில் நாற்பத்தேழு மாகாணங்கள் சட்டம் போட்டுவிட்டன. இதை எதிர்த்துத்தான் சங்கங்கள் பிறந்தன. அவற்றில் பேர்பெற்றது அபேட். எழுபதுகளின் தொடக்கத்தில், மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்றை நடத்தியவர்கள் ஆரம்பித்து வைத்தது. 'சர்வாதிகாரச் சட்டங்களுக்கு எதிரான சகோதர சங்கம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஹிட்லரையும் முசோலினியையும் பார்த்த உலகத்தில், தலையில் ஒரு கவிழ்த்த சட்டியைப் போடச் சொல்வதற்குச் சர்வாதிகாரம் என்று பெயர் வைத்தார்களே, அந்த வார்த்தையின் பேரில் இரக்கம் வருகிறது எனக்கு.

ஆனால் அவர்களுடைய சாமர்த்தியத்தைக் குறைத்து எடை போட மாட்டேன். ஆயிரக் கணக்கில் வண்டிகளைக் கொண்டு வந்து சட்டசபை வாசலில் நிறுத்தினார்கள். அங்கத்தினர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். எந்தக் கமிட்டி எந்தக் கிழமை கூடினாலும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அரசியல்வாதிக்கு ஆயிரம் விஷயம். இவர்களுக்கு ஒரே விஷயம். ஒரே விஷயத்துக்காக வோட்டுப் போடுகிறவன் பத்துப் பேருக்குச் சமம் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவனுக்குக் கூடத் தெரியும். 1976-ல் அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸ் பணிந்தது. பணத்தை நிறுத்தும் அதிகாரத்தை மத்திய சர்க்காரிடமிருந்து பிடுங்கிவிட்டது. அடுத்த நாலு வருஷத்துக்குள் இருபத்தைந்துக்கு மேற்பட்ட மாகாணங்கள் சட்டத்தை ரத்துச் செய்தன, அல்லது சிறுவர்களுக்கு மட்டும் என்று சுருக்கின.

அந்த நாலு வருஷத்தில் என்ன ஆயிற்று? 1976-ல் அமெரிக்காவில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் 3,312 பேர். 1980-ல் 5,144 பேர். வண்டிகள் பெருகின, அதனால் சாவும் பெருகியது என்று நண்பர் சொல்லுவார். வண்டிகள் பெருகியது ஏறக்குறைய 50 லட்சத்திலிருந்து 57 லட்சத்துக்கு. ஏழில் ஒரு பங்கு வண்டி கூடினால் பாதிப் பங்குக்கு மேல் பிணம் கூடுவது எந்த ஊர்க் கணக்கு? கணக்கைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். கலிபோர்னியா அத்தனை காலமும் பெரியவர்களுக்குச் சட்டம் போடாமல் இருந்துவிட்டு, 1992 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. முந்தின வருஷம் 523 பேர் செத்த இடத்தில் அந்த வருஷம் 327 பேர். சட்டத்துக்குப் பயந்து பலர் வண்டியை எடுக்கவில்லை என்பார்கள். வாஸ்தவம், சிலர் எடுக்கவில்லை. ஆனால் பதிவான வண்டிகளின் கணக்கில் வகுத்துப் பார்த்தாலும் கால் பங்கு குறைந்திருந்தது.

இதற்கு மேல் எண்களைக் கொட்டப் போவதில்லை. எண்களால் இந்த வழக்குத் தீர்வதாக இருந்தால் 1980-லேயே தீர்ந்திருக்கும்.

சங்கத்தாரின் வாதம் எண்ணைப் பற்றியதே இல்லை. 'ஓட்டுகிறவனே தீர்மானிக்கட்டும்' என்பது அவர்களுடைய கோஷம். என் தலை, என் உரிமை. உடைந்தால் எனக்குத்தான் நஷ்டம், உமக்கென்ன? இதற்கு 1972-ல் மாஸசூஸெட்ஸில் ஒரு வழக்கில் நீதிபதிகள் ஒரு பதில் சொன்னார்கள். அடிபட்ட நிமிஷத்திலிருந்து உன்னைச் சாலையிலிருந்து தூக்கி எடுப்பது சமூகம், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது சமூகம், வைத்தியம் பார்ப்பது சமூகம், நீ எழுந்திருக்காவிட்டால் உன் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றுவதும் சமூகம். இப்படியிருக்க, உன்னைத் தவிர வேறு யாருக்கும் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்லுகிறாய் என்று கேட்டார்கள். பொருள் இது, வார்த்தை என்னுடையது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இந்தப் பதிலை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நண்பரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "அப்படியானால் சிகரெட்டைத் தடை செய்யுமே! நீர் குடிக்கிறீரே!" என்று என் விரலிடுக்கைக் காட்டினார். மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் செலவைக் காட்டி மனிதனைக் கட்டிப் போட ஆரம்பித்தால் அதற்கு எல்லை கிடையாது. மனிதன் கணக்குப் புஸ்தகத்தில் ஒரு பற்று வரியும் அல்ல. ஆகவே செலவு வாதத்தை நண்பருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். என் வழக்கு வேறு.

சட்டசபைக் கமிட்டியின் முன் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். நேற்றும் விழாதவன், முந்தாநாளும் விழாதவன். வெறும் தலையோடு இருபது வருஷம் ஓட்டிவிட்டு, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சாட்சி சொல்ல வந்தவன். ஒன்று ஆகியிருந்தால் அவன் வந்திருக்க முடியாதே! இந்த வழக்கின் மறு கட்சிக்காரன் சுடுகாட்டில் இருக்கிறான். இல்லாவிட்டால், பேச்சு வராமல், வாயோரம் துடைத்துவிட ஒரு ஆள் வைத்துக்கொண்டு கட்டிலில் இருக்கிறான். அவன் கடிதம் எழுத மாட்டான். வாசலில் வண்டியை நிறுத்த மாட்டான். அவனுக்குச் சங்கம் கிடையாது. அவனுடைய பெண்டாட்டிக்கும் சங்கம் கிடையாது. அவளுக்கு இரண்டு வேலை இருக்கும், கமிட்டி கூடும் கிழமையில் லீவு கிடைக்காது. உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் வோட்டுப் போட்டு, செத்தவர்களைப் பற்றிய சட்டத்தை ரத்துச் செய்து, அதற்கு ஜனநாயகம் என்று வில்லை குத்திக்கொள்கிறார்கள்.

செத்தவன் சார்பில் பேசக்கூடிய ஒரே ஆள் அந்தப் பிணங்களை எண்ணுகிற அதிகாரிதான். அவன் வாயையும் அடைத்தார்கள்! 1998-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஒரு ஷரத்து புகுந்தது. மத்திய சாலைப் பாதுகாப்பு இலாகாவின் அதிகாரிகள் மாகாணச் சட்டசபைகளுக்குப் போய் ஒரு மசோதாவுக்காகப் பரிந்து பேசலாகாது. கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்லலாம், அவ்வளவுதான். இதைச் சங்கங்கள் தங்கள் பெரிய வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்கின்றன. சுதந்திரத்துக்காகப் புறப்பட்டவர்கள் எதிராளியின் வாயைத் தைத்ததில் வந்து நின்றார்கள். மற்றதையெல்லாம் மன்னித்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நியாயம் பேசியவனாக மாட்டேன். அவர் பெயர் பிரெட் ஹில். இங்கிலாந்துக்காரர், கணக்கு வாத்தியார். யுத்த காலத்தில் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் தூதராக இருந்தவர். அதாவது, டாக்டர் கெய்ர்ன்ஸ் எந்தத் தலைகளுக்காகக் கவலைப்பட்டாரோ அவற்றில் ஒன்று. 1973-க்குப் பிறகு அவர் ஹெல்மெட் அணிய மறுத்து, பழைய துணிக் குல்லாயோடு வண்டி ஓட்டினார். அபராதம் போட்டார்கள், கட்ட மறுத்தார். சிறைக்கு அனுப்பினார்கள், போனார். வெளியே வந்தார், மறுபடி குல்லாயோடு ஓட்டினார். முப்பது தடவைக்கு மேல் சிறை சென்று, 1984 பிப்ரவரியில், எழுபத்து நாலாவது வயதில், லண்டன் பெண்டன்வில் சிறையிலேயே இறந்துபோனார்.

காந்தியைப் பார்த்த தேசத்தில் பிறந்தவன் இந்தக் கிழவரைப் பற்றி இளக்காரமாகப் பேச முடியுமா? நான் பேச மாட்டேன். அவர் பிடித்த பிடி தவறு என்பதே என் அபிப்பிராயம். உப்புச் சட்டம் ஏழையின் வாயிலிருந்து பிடுங்கிக் கஜானாவில் போட்டது. ஹெல்மெட் சட்டத்தில் சர்க்கார் பிடுங்கிக்கொள்வது ஒன்றுமில்லை. ஆனாலும் தம் பிடிவாதத்துக்குத் தாமே விலை கொடுத்தார். தம் ஒரு தலையைப் பற்றித்தான் பேசினார். அவருடைய படத்தை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஊர்வலம் போகிறவர்கள், சட்டத்தை ரத்துச் செய்யச் சொல்லும்போது ஒரு தலையைப் பற்றியா பேசுகிறார்கள்? பதினெட்டு வயதுப் பையன்கள் அத்தனை பேருடைய தலையையும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

சிறுவர்களுக்குச் சட்டம் உண்டே என்பார்கள். உண்டு, காகிதத்தில். தலைமுடி காற்றில் பறக்க அறுபது மைல் வேகத்தில் போகிறவனுக்கு இருபது வயதா, இருபத்திரண்டா என்று சாலை ஓரத்தில் நிற்கும் போலீஸ்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? ஜாதகம் பார்த்தா?

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். 'ஓட்டுகிறவனே தீர்மானிக்கட்டும்' என்கிறார்களே, எவனும் தீர்மானிப்பதில்லை. "இன்றைக்கு என் மண்டை உடைந்தாலும் பாதகமில்லை, காற்றின் சுகமே பெரிது" என்று யோசித்து முடிவு செய்து வண்டியில் ஏறுகிறவன் லட்சத்தில் ஒருவன் இருந்தால் அவன் பிரெட் ஹில். மற்றவன், "முக்கு வரைக்கும்தானே" என்று ஏறுகிறான். "நேற்றும் போடவில்லையே" என்று ஏறுகிறான். முக்கியமாக, கூட வருகிற நாலு பேர் போடவில்லை, நான் மட்டும் போட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று ஏறுகிறான். இருபது வயதில் சாவுக்குப் பயப்படுகிறவனை விடச் சிரிப்புக்குப் பயப்படுகிறவன் அதிகம். சட்டம் இருந்தால் அவன் தப்பித்துக்கொள்ளலாம். "என்ன செய்வது, போலீஸ் பிடிக்கிறானே" என்று அலுத்துக்கொண்டே, மனதுக்குள் நிம்மதியாக, மாட்டிக்கொள்ளலாம். அந்த ஒரு சாக்கை அவனிடமிருந்து பிடுங்கியதற்குத்தான் என் நண்பர் மார்பில் வில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. மோட்டார் சைக்கிள்காரனுக்கு நியாயமான குறையே கிடையாதா? மலை மாதிரி இருக்கிறது. ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் லாஸ் ஏஞ்சல்ஸில் 900 விபத்துக்களை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேறொரு வண்டியும் சம்பந்தப்பட்ட மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு அந்த இன்னொரு வண்டிக்காரன் செய்த தப்பு. மோட்டார் சைக்கிளுக்குரிய வழியில் கார் குறுக்கே திரும்பிவிடும். கேட்டால் "கண்ணில் படவில்லை" என்பான். ஹெல்மெட் போட்டால் காது கேட்காது, பக்கம் தெரியாது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. முதல் விஷயத்தைச் சங்கத்தார் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுகிறார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது.

கண்ணில்லாத கார்க்காரனை வழிக்குக் கொண்டு வரவும், சாலையோரத் தடுப்புக் கம்பி விழுந்தவனை அறுக்காமல் அமைக்கவும், குழியை மூடவும், பயிற்சிப் பள்ளி திறக்கவும் இந்தச் சங்கங்கள் பாடுபட்டது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சாலை அமைப்பைப் பற்றி யோசனை சொல்ல மோட்டார் சைக்கிள்காரர்களின் ஆலோசனைக் குழு ஒன்று 2005-ல் சட்டப்படியே ஏற்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஆயிரம் வண்டி வாசலில் வந்து நின்றது அந்தக் குழிக்காகவா? கவர்னரைக் கவர்னராகக் காத்திருந்தது கார்க்காரனின் குற்றத்துக்காகவா? அந்தப் பலத்தையெல்லாம் ஐம்பது வருஷம் ஒரு தொப்பியின் மேல் கொட்டினார்கள். நாற்பத்தேழு மாகாணங்களில் இருந்த சட்டம் இன்று இருபதுக்கும் குறைந்த மாகாணங்களில் முழுசாக இருக்கிறது. கடைசியாக விழுந்தவற்றில் ஒன்று நெப்ராஸ்கா, 2024 ஜனவரியில். 2022-ல் மட்டும் அந்தத் தேசத்தில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் ஆறாயிரத்துக்கு மேல்.

நம் ஊரில் இப்படி ஒரு சங்கம் இல்லையே என்று வாசகர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டாம். நமக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் சட்டத்தை ரத்துச் செய்கிறார்கள். நாம் முழங்கையில் மாட்டிக்கொள்கிறோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஹெல்மெட் உண்டு. சென்னை ஹைக்கோர்ட்டு 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து கண்டிப்பாக அணியச் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, கடைகளில் வரிசை நின்றது. தலைக்காக நின்ற வரிசையா, அபராதத்துக்காக நின்ற வரிசையா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் உட்காரும் மனைவிக்கு வாங்கினவர் எத்தனை பேர் என்று எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தேன். மூன்று வீடு.

மனைவி என்றதும் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு நண்பர் வில்லைகளை எனக்கு வியாக்கியானம் செய்துகொண்டிருந்தபோது, அவருடைய மனைவி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போக வந்தார். அந்தத் தோல் சட்டையை ஒரு தரம் பார்த்தார். "அதை மடித்து உள்ளே வையுங்களேன், எறும்பு ஏறப்போகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நண்பர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

இந்தக் கட்டுரைக்குக் காரசாரமாகப் பதில் எழுதப்போவதாக அவர் இப்போதே சொல்லிவிட்டார். எழுதட்டும், ஆசிரியரிடம் சொல்லி ஓர் எழுத்தும் வெட்டாமல் போடச் செய்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அதில் ஒரு பத்தியை அந்த அம்மாள் எழுத வேண்டும்.